தென்மாநில பாணி உயர்தர உணவகத்துக்குச் சைவ அம்மாவை அழைத்துச் செல்லலாமா? (அட்லாண்டா, சவான்னா)

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் தென்பகுதியான ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறோம். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அப்பாவுக்கு எழுபது வயது நிறைகிறது. கோயிலில் அர்ச்சனையும் வீட்டில் வடை பாயசத்துடன் சாப்பாடும் முடிவாகிவிட்டன. அதற்கு மேல் ஒருநாள் மாலை, இந்த மண்ணின் சமையலை நல்ல முறையில் பரிமாறும் ஓர் உணவகத்துக்கு அவர்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் ஆசை.

தடை இதுதான். அம்மா சுத்த சைவம். கேக்கில் முட்டை இருக்கிறதா என்பதை மட்டும் வசதியாகக் கேட்காமல் விட்டுவிடுவார். அப்பா மீனும் கோழியும் ஆட்டுக்கறியும் சாப்பிடுவார்; மாடும் பன்றியும் கூடாது. போன முறை வந்திருந்தபோது பெயர் பெற்ற ஓர் உணவகத்தில் அம்மாவுக்குக் கீரை மட்டும் வரவழைத்தேன். நாலு வாய் சாப்பிட்ட பிறகு அடியில் இறைச்சித் துண்டு தென்பட்டது. அன்று இரவு முழுவதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் வேதனை.

தேவைப்பட்டால் இதே மாநிலத்தின் கடலோர ஊரான சவான்னா வரை காரில் போகத் தயார். அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பேருந்து நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்பார். கம்மிங்கில் அதற்கு வழியில்லாமல் சலித்துப்போயிருக்கிறார்.

மோர்க்குழம்பு:

சகோதரி, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது இங்கே அநேகமாக நம் எல்லார் வீட்டிலும் ஒருமுறை நடந்ததுதான். தென்மாநிலச் சமையலில் பன்றி இறைச்சி என்பது பல நேரங்களில் தனி உணவாக இல்லாமல், நாம் தாளிதத்துக்குக் கடுகையும் பெருங்காயத்தையும் பயன்படுத்துவது போல, வாசனைக்காகச் சேர்க்கப்படும் பொருளாகவே இருக்கிறது. காலர்ட் கீரையைப் புகையில் வாட்டிய பன்றிக்கால் எலும்போடு சேர்த்து நெடுநேரம் வேகவைப்பார்கள். தட்டைப்பயறும் பச்சை பீன்ஸும் பெரும்பாலும் அப்படித்தான் வேகின்றன. சோள ரொட்டி சுடும் இரும்புச் சட்டியில் பேக்கன் கொழுப்பு தடவியிருக்கும். மோர் விட்டுப் பிசைந்த பிஸ்கட்டில் (இங்கே அது மென்மையான சிறு ரொட்டி) வெண்ணெய்க்குப் பதிலாகப் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். சீஸோடு சிவப்புக் குடைமிளகாய் சேர்த்துப் பிசைந்த பிமெண்டோ சீஸில்கூடச் சிலர் வூஸ்டர் சாஸ் விடுவார்கள். அதில் நெத்திலி உண்டு.

ஆகவே "இது சைவமா?" என்ற கேள்வி போதாது. பரிமாறுபவர் தட்டில் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியைத்தான் நினைத்துக்கொள்வார். எந்தக் கொழுப்பில் சமைத்தீர்கள், எந்த நீரில் வேகவைத்தீர்கள் என்று கேளுங்கள். கிரிட்ஸ் என்ற சோள ரவைக் கஞ்சிக்கும் இதே கேள்விதான். தண்ணீரிலும் பாலிலும் கிண்டினால் அம்மாவுக்கு ஆகும், கோழிச் சாற்றில் கிண்டினால் ஆகாது. முன்பதிவு செய்யும்போதே குறிப்பில் எழுதிவிட்டு, முந்தைய நாள் பிற்பகல் தொலைபேசியிலும் சொல்லிவிட்டால், சமையலறைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். இந்த வகையில் விலை கூடிய உணவகங்களே நமக்குப் பாதுகாப்பானவை. எளிய கடைகளில் கீரையைக் காலையிலேயே ஒரே அண்டாவில் வேகவைத்துவிடுவார்கள். பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அட்லாண்டாவுக்குள்ளேயே என்றால் மில்லர் யூனியனைப் பரிந்துரைப்பேன். 2009 இல் தொடங்கியது. அதன் சமையற்கலைஞர் ஸ்டீவன் சாட்டர்ஃபீல்ட் காய்கறிச் சமையலுக்கே பெயர் பெற்றவர். 2017 இல் தென்கிழக்கு மாநிலங்களுக்கான ஜேம்ஸ் பியர்டு விருது (அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருது) பெற்றார். பல காய்களை ஒரே தட்டில் வைத்துத் தருவது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். அங்கே அதைக் கவனத்தோடு செய்கிறார்கள். (சாதாரணக் கடைகளின் காய்கறிப் பட்டியலில் மக்ரோனி சீஸும் இருப்பதைப் பார்த்து என் மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.)

புளியோதரை:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இவை எல்லாம் ஏழை எளியவர்கள் உண்ட உணவு. சோள ரவைக் கஞ்சியின் மேல் ஆறு இறாலை வைத்து 30 டாலர் வாங்குவதை ஏன் ஊக்குவிக்க வேண்டும்? பெற்றோரை அட்லாண்டாவை ஒட்டிய டெகேட்டரில் உள்ள சாய் பானி என்ற இந்திய உணவகத்துக்கு அழைத்துச் சென்றால், அம்மா எந்தக் கேள்வியும் கேட்காமல் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

நெல்மணி:

புளியோதரை அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இறாலும் கிரிட்ஸும் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் கடலோரத்தில் மீன்பிடிப்பவர்களின் காலையுணவாக இருந்ததுதான். வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் 1982 இல் கிரூக்ஸ் கார்னர் என்ற உணவகத்தைத் தொடங்கிய பில் நீல் அதை இரவு உணவாக மேசைக்குக் கொண்டுவந்தார். 1985 இல் நியூயார்க் டைம்ஸ் அந்தச் செய்முறையை வெளியிட்ட பிறகு அது எங்கும் பரவியது. ஆனால் விலை கூடியதை மட்டும் பார்த்தால் போதாது. இந்தச் சமையலை உருவாக்கியவர்கள் யார் என்பதை அறிந்த உணவகம் எது, மறைத்துவிட்டு அலங்காரம் மட்டும் செய்யும் உணவகம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கரோலினா, ஜார்ஜியா கடலோரம் ஒரு காலத்தில் நெல் வயல்களாக இருந்தது. அந்த வயல்களை வெட்டி, வரப்புக் கட்டி, கடலின் ஏற்றவற்றத்தைப் பயன்படுத்தி நன்னீரைப் பாய்ச்சியவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். அங்கே நெல் பயிரிட்ட அறிவு அவர்களோடு வந்தது. அவர்களின் வழித்தோன்றல்களான குல்லா கீச்சி மக்கள் இன்றும் அந்தக் கரையில் வாழ்கிறார்கள். வெண்டைக்காய், தட்டைப்பயறு, எள் எல்லாம் அவர்களின் சமையல் வழியாகத்தான் இந்த ஊர்த் தட்டுக்கு வந்தன. இங்குள்ள கம்போ என்ற குழம்பின் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. எள்ளை இங்கே இன்றும் பென்னே என்கிறார்கள். தட்டைப்பயறும் சோறும் சேர்ந்த ஹாப்பின் ஜான், பன்றி சேர்க்காமல் செய்தால், உங்கள் அம்மாவுக்குக் கொஞ்சமும் அந்நியமாக இருக்காது. மிளகாய்ப்பொடி எங்கே என்று வேண்டுமானால் கேட்பார். அப்பாவுக்குக் கன்ட்ரி கேப்டன் எங்காவது கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். கறிப்பொடியும் உலர்திராட்சையும் சேர்த்த கோழிக் குழம்பு அது. சவான்னாவும் சார்ல்ஸ்டனும் அதைத் தம்முடையது என்றே சொல்லிக்கொள்கின்றன.

இப்போது உங்கள் அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். சவான்னாவில் 'தி கிரே' என்ற உணவகம் இருப்பது 1938 இல் கட்டப்பட்ட, கிரேஹவுண்ட் என்ற பேருந்து நிறுவனத்தின் நிலையக் கட்டடத்தில். பாழடைந்து கிடந்த அதைச் செப்பனிட்டு 2014 இறுதியில் திறந்தார்கள். அதன் சமையற்கலைஞர் மஷாமா பெய்லி நியூயார்க்கில் பிறந்தவர், சிறுவயதில் சில ஆண்டுகள் சவான்னாவில் வளர்ந்தவர். 2022 இல் நாட்டின் சிறந்த சமையற்கலைஞர் என்ற ஜேம்ஸ் பியர்டு விருதைப் பெற்றார். நிறவெறிச் சட்டங்களின் காலத்தில் அந்த நிலையத்தில் கறுப்பினத்தவர் தனிக் கூடத்தில்தான் காத்திருக்க வேண்டும். அதே கட்டடத்தில் ஒரு கறுப்பினப் பெண் இன்று சமையலறையை ஆள்கிறார் என்பதை அப்பாவுக்கு விளக்கிச் சொன்ன பிறகு உள்ளே அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடியும் உலோகமுமாக வளைந்து செல்லும் அந்தக் கட்டட அழகை நேரக்காப்பாளராக இருந்தவர் ரசிக்காமல் இருக்க மாட்டார்.

மோர்க்குழம்பு:

நெல்மணி அவர்களின் யோசனை என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும்: தி கிரேவில் கடலுணவும் இறைச்சியும் முன்னிற்கும், மெனுவும் அடிக்கடி மாறும். அம்மாவுக்கு என்ன தர முடியும் என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், பிறகு அல்ல.

செலவுக்கணக்கு:

கம்மிங்கிலிருந்து சவான்னா நான்கரை, ஐந்து மணி நேரம். எழுபது வயதில் அன்றே திரும்புவது சிரமம்; ஓர் இரவு தங்குங்கள். வார நடுவில் மேசை எளிதாகக் கிடைக்கும். முன்பதிவின்போது அட்டை எண் கேட்டால், வராமல் போனால் பணம் பிடிப்பார்களா என்ற விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸாக நூற்றுக்கு 20 வைப்பது முறை. அப்பாக்கள் இந்த இடத்தில் அதிர்ச்சி அடைவார்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்தியச் சட்டப்படி முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் அது உயரவில்லை, ஜார்ஜியாவிலும் அதே தொகைதான். இதை நான் விளக்கிய பிறகு என் அப்பா, சட்டைப் பையிலிருந்து தனியாக ஐந்து டாலர் எடுத்து வைத்தார். ரசீதில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு முறை கொடுத்தவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு மில்லர் யூனியன், அப்பாவுக்குத் தி கிரே என்று பிரித்துக்கொண்டோம். பிறந்தநாளுக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சவான்னா பயணம். அம்மாவுக்காக நான் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு இன்று தொலைபேசியில் பேசப்போகிறேன். புளியோதரை அவர்களே, திரும்பி வந்த மறுநாள் சாய் பானியும் உண்டு. அம்மாவின் நிபந்தனை அது.

அப்பாவிடம் இடத்தைச் சொன்னதும், "பஸ் ஸ்டாண்டில் சாப்பிடவா இவ்வளவு தூரம்?" என்றார். பத்து நிமிடம் கழித்து வந்து, அங்கே எத்தனை பேருந்துகள் ஒரே நேரத்தில் நிற்க முடியும் என்று கேட்டார். நெல்மணி அவர்களுக்குத் தெரிந்தால் சொல்லவும்.