கடை எண்ணைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் படங்கள்வரை வந்துவிடுகிறார்கள், எப்படித் தடுப்பது?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை வாசகி

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. மொத்த வியாபாரத்தைக் கணவரும் மாமனாரும் பார்த்துக்கொள்கிறார்கள். சில்லறையாகக் கேட்பவர்களுக்கு நான் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் படம் போட்டு விற்கிறேன். எடையும் விலையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வெளியூர்க்காரர்கள் வாங்குவதில்லை என்பதால், ஒவ்வொரு படத்தின் கீழும் என் கைபேசி எண் இருக்கும்.

அண்மையில் விலை விசாரித்த ஒருவர், பேச்சுக்கு நடுவே என் மகள் படிக்கும் பள்ளியின் பெயரைச் சொல்லி, "பாப்பா நன்றாகப் படிக்கிறாளா?" என்று கேட்டார். அவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. கடைப் பக்கத்தில் மகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. தேடிப் பார்த்தபோது, அதே எண்ணில் தொடங்கிய என் பழைய ஃபேஸ்புக் கணக்கும், அதில் உறவினர்கள் என்னை டேக் செய்திருந்த பள்ளி ஆண்டு விழாப் படங்களும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருப்பது தெரிந்தது. எல்லாக் கணக்குகளையும் மூடிவிடச் சொல்கிறார் மாமனார். மூடினால் சில்லறை வியாபாரம் நின்றுவிடும். வெள்ளி புழங்கும் வீடு என்பதால் அச்சமும் இருக்கிறது. வியாபாரத்தை விடாமல் குடும்பத்தை மட்டும் பொதுப் பார்வையிலிருந்து விலக்கி வைக்க வழி உண்டா?

பதில்: ஐந்து ரோடு கணினிக்காரர்

சகோதரி, கணக்குகளை மூட வேண்டியதில்லை. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே எண் இருப்பதுதான் இங்கே சிக்கல். அதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

பொதுவாக, கடைக்கென்று புது எண் வாங்கச் சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். உங்கள் இப்போதைய எண் எத்தனையோ பேருடைய கைபேசிகளில் ஏறிவிட்டது. இனி அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே அது கடை எண்ணாகவே இருக்கட்டும். புது எண்ணை வீட்டுக்கும் வங்கிக்கும் ஆதாருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியிலும் ஆதாரிலும் எண்ணை மாற்றக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் வங்கியின் ஓடிபி வரும் எண்ணை ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்துகொண்டிருப்பதைவிட அந்த அலைச்சல் மேல். வாட்ஸ்அப் பிசினஸ் தனிச் செயலி என்பதால், இரண்டு சிம் போடும் கைபேசி ஒன்றே போதும். இரண்டு கணக்குகளிலும் ஆறு இலக்கப் பின் வைத்து, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள்.

பழைய எண்ணை ஃபேஸ்புக்கிலிருந்து நீக்கிவிட்டுப் புது எண்ணைச் சேர்த்தால், அதைக் கொண்டு உங்களை யார் தேடலாம் என்ற இடத்தில் 'நான் மட்டும்' என்று வையுங்கள். இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். கைபேசித் தொடர்புகளை வைத்து நண்பர்களைக் கண்டுபிடிக்கும் வசதியைத் தவறாகப் பயன்படுத்தி 2019-இல் திரட்டப்பட்ட 53 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல்கள், எண்களோடு சேர்த்து, 2021 ஏப்ரலில் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. அதில் இந்தியர்களும் இருந்தார்கள்.

இன்ஸ்டாகிராமில் தொழில் கணக்கைப் பூட்டி வைக்க முடியாது, அது எப்போதும் பொதுக் கணக்குதான். எனவே மகளின் படங்களுக்குப் புது எண்ணில் தனிக் கணக்கு தொடங்கி, அதைப் 'பிரைவேட்' ஆக்கி, தொடர்பு எண்களைப் பதிவேற்றும் வசதியை இரண்டு கணக்குகளிலும் அணைத்துவிடுங்கள். பழைய ஃபேஸ்புக் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டாம். பழைய பொதுப் பதிவுகள் அனைத்தையும் ஒரே முறையில் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி சுருக்கும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் போட்டு உங்களை டேக் செய்த படங்களுக்கு இது செல்லாது. அவற்றிலிருந்து டேக்கை நீக்கலாம், படம் அவர்கள் பக்கத்தில் அப்படியேதான் இருக்கும்.

பட்டறைக்காரர்கள் பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொலுசின் வேலைப்பாடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பும் பழக்கம் நம் ஊரில் உண்டு. சாதாரணப் படமாக அனுப்பினால் அதனுள் பதிவாகியிருக்கும் இடக்குறிப்பை வாட்ஸ்அப் நீக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். கேமராவில் இருப்பிடப் பதிவு இயக்கத்தில் இருந்தால், படம் பிடித்த பட்டறையின் இருப்பிடமும் கூடவே போகும். கேமரா அமைப்பில் அதை அணைத்துவிட்டால் எந்த முறையில் அனுப்பினாலும் கவலையில்லை.

பதில்: ஏற்காடு காப்பித் தோட்டத்தார்

நான் இங்கே சில அறைகளை வாடகைக்கு விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மலையேறி வரும் குடும்பங்கள் பகோடா பாயின்ட்டிலிருந்தும் ஏரியிலிருந்தும் படங்களை உடனுக்குடன் ஸ்டேட்டஸில் போடுகின்றன. கீழே சேலத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை ஊருக்கே அறிவிக்கும் செயல் அது. வீட்டில் வெள்ளி வைத்திருப்பவர்கள் கீழே இறங்கி வீடு சேர்ந்தபிறகு படத்தைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம் என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். தொடர்புப் பட்டியலில் வாடிக்கையாளர்களும் கலந்திருந்தால், 'என் தொடர்புகள்' என்ற தெரிவு அவர்களையும் உள்ளே விட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா, எண்ணைப் பிரிக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன். இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆண்டு விழாப் படங்களில் பெரும்பாலானவை என் நாத்தனார் போட்டவை. சீருடையும் பள்ளியின் பெயர்ப்பலகையும் அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. அவர் பாசத்தோடு போட்டதை நீக்கச் சொன்னால் மனம் வருந்துவார். தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்திருக்கிறதே, இதற்குச் சட்டத்தில் ஏதேனும் இடமிருக்கிறதா?

பதில்: அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

அந்தத் தீர்ப்பு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக வழங்கியது. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போக முடியாதம்மா. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்களுக்கு இதில் உதவாது. தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது குடும்பத் தேவைக்காகக் கையாளும் தகவல்களுக்கும், ஒருவர் தாமாகவே பொதுவில் வெளியிட்ட தம் தகவல்களுக்கும் அது பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவு விலக்கு அளித்திருக்கிறது.

ஆகவே சட்டத்தை விட்டுவிட்டு முறையாகப் பேசிப் பாருங்கள். படத்தை நீக்கும்படி கேட்க வேண்டாம். பார்வையாளர்களை 'பொது' என்பதிலிருந்து 'நண்பர்கள்' என்று மாற்றித் தரும்படி மட்டும் கேளுங்கள். படமும் அதற்கு வந்த விருப்பங்களும் வாழ்த்துகளும் அப்படியே இருக்கும் என்பதால் அவருக்கு மறுக்கக் காரணம் இராது. இனிமேல் யாராவது உங்களை டேக் செய்தால், அது உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே உங்கள் பக்கத்தில் தெரியும்படி டேக் பரிசீலனையை இயக்கி வையுங்கள்.

சட்டம் உதவும் கட்டம் வேறு. அந்தப் படங்களை எடுத்து யாராவது போலிக் கணக்கு தொடங்கினாலோ, திரித்து வெளியிட்டாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி போன்ற பிரிவுகளைப் பார்க்கலாம். ஆள்மாறாட்டப் படங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-இல் வந்த விதிகளிலேயே கெடு வைத்தார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். பணமும் பறிபோயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

மகளைப் பற்றிக் கேட்ட அந்த மனிதரை இன்னும் தடை செய்யவில்லையென்றால், அதற்குமுன் அவருடைய எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி உரையாடலைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பேசியது அழைப்பில் என்றால் அழைப்புப் பட்டியலையும் அப்படியே எடுத்து வையுங்கள். இப்படி ஒருவர் விசாரித்தார் என்பதைப் பள்ளியிலும் சொல்லி, உங்கள் வீட்டார் அல்லாத எவர் வந்தாலும் பெண்ணை அனுப்பக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.