விடுதலை ஆனவருக்கு அரசு பணம் தர வேண்டுமா? தீர்ப்பு வந்தும் தராத பணத்தை எப்படி வாங்குவது?

வெள்ளைக்காகிதம்:
2011-ல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் நடந்த இரட்டைக் கொலை பலருக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகள் யார் கையில் இருந்தன, எப்போது ஆய்வகம் போயின என்பதற்கே ஒழுங்கான கணக்கு இல்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் நெடுநாள் சிறையில் கிடந்து வெளியே வருபவர்களுக்கு இழப்பீடு கிடைக்கிறது, இங்கே அதை யோசிக்க வேண்டியது சட்டம் இயற்றுபவர்கள்தான் என்றும் அதே தீர்ப்பில் எழுதினார்கள்.

யோசிக்கவா? சட்ட ஆணையம் 277-வது அறிக்கையை 2018-லேயே கொடுத்துவிட்டது. தவறாக வழக்குப் போட்டால் இழப்பீடு, விசாரிக்கத் தனி நீதிமன்றம், எல்லாம் அதில் இருக்கிறது. அறிக்கை அலமாரியில் இருக்கிறது.

இப்போதைக்குச் சட்டத்தில் உள்ளதைப் பாருங்கள்: போதிய காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தால் அதிகபட்சம் 1,000 ரூபாய். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 358, புதியதில் 399. எண்தான் மாறியது, ஆயிரம் அப்படியே இருக்கிறது. அதுவும் கைது செய்ய வைத்த ஆள் கட்ட வேண்டியது, அரசு இல்லை.

என் வாதம் இது. மேல்முறையீட்டில் விடுதலையானால், உள்ளே இருந்த நாளை எண்ணி, கேட்காமலே பணம் வர வேண்டும்.

பழைய கருவூலம்:
தம்பி, 31 வருஷம் கருவூலத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அரசிடமிருந்து கேட்காமலே வருவது மெமோ மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். விடுதலை வேறு, நிரபராதி வேறு. சாட்சி பிறழ்வார், பொருள் காணாமல் போகும், போலீஸ்காரர் நாள் தப்பாக எழுதுவார். சந்தேகத்தின் பலனில் ஆள் வெளியே வருவான். சாட்சியை மிரட்டி வெளியே வந்தவனுக்கும் நாள் கணக்கில் பணம் என்றால், செத்தவன் வீட்டார் கட்டிய வரியும் அதில் சேர்த்தி. அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அதோடு, விடுவித்தால் அரசுக்கு இத்தனை லட்சம் செலவு என்று தெரிந்தால் விடுவிக்கிற கை கொஞ்சம் தயங்காதா? அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் 2014-ல் விடுதலையானவர்கள் 2016-ல் இழப்பீடு கேட்டுப் போனார்கள். ஆபத்தான முன்னுதாரணம் ஆகிவிடும் என்று உச்ச நீதிமன்றமே கை விரித்தது.

வெள்ளைக்காகிதம்:
ஐயா, அதே வழக்கில் 2014 தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். விசாரணை நடந்த லட்சணத்தை நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. வழக்குத் தொடர அனுமதி கொடுத்த உள்துறை, காகிதத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்றது. தூக்கு விதிக்கப்பட்டவர்களே மூன்று பேர். நாள் தப்பாக எழுதிய கேஸா இது?

தூரத்து இடி:
இரண்டு பேருமே இரண்டு ஓரத்தில் நிற்கிறீர்கள். ஏற்கெனவே செய்து பார்த்த நாடுகளைப் பார்க்கலாமே.

ஜப்பானில் 1950 முதல் குற்றவியல் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. விடுதலையானால் அடைத்து வைத்த நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு, மேல்வரம்பு நாளொன்றுக்கு 12,500 யென். கொலை வழக்கில் தூக்குக் கைதியாக இருந்த ஹகமாடா இவாவோ 2024 செப்டம்பரில் மறுவிசாரணையில் விடுதலையானார். 47 வருஷத்துக்கும் மேல் உள்ளே. 2025-ல் அவருக்கு ஏறத்தாழ 21.7 கோடி யென் தரச் சொன்னது நீதிமன்றம், நாள் கணக்கில் முழு வரம்பு. அங்கே எந்த நீதிபதி கையும் இதனால் தயங்கியதாகச் சொல்ல முடியாது. அவரை விடுவிக்கத் தாமதமானதற்குக் காரணமே வேறு.

பிரிட்டன் நம் ஐயா சொல்லும் பாதையில் போய்ப் பார்த்தது. 2014-ல் சட்டத்தை மாற்றி, புதிதாகக் கிடைத்த ஆதாரம் 'இவர் செய்யவில்லை' என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டினால்தான் பணம் என்று வைத்தார்கள். உள்ளே போகும்போது குற்றத்தை அரசு நிரூபிக்கணும், வெளியே வந்தபின் குற்றமின்மையை இவர் நிரூபிக்கணும்! செய்யாத ஒன்றை எதை வைத்து நிரூபிப்பது? பழைய டி.என்.ஏ. பத்திரமாக இருந்தால் அதிர்ஷ்டம். தவறாகத் தண்டிக்கப்பட்ட ஆண்ட்ரூ மால்கின்சனுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்த்தது, 17 வருஷம் உள்ளே கிடந்த பிறகு, 2023-ல். அதற்குப் பிறகுதான் அங்கே ஒரு பழைய கொடுமை வெளியே பேசப்பட்டது. சிறையில் தின்ற சோற்றுக்கும் படுத்த இடத்துக்கும் ஒரு தொகையை இழப்பீட்டில் கழித்துக்கொள்ளும் வழக்கம். அந்த ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டார்கள்.

பழைய கருவூலம்:
சோற்றுக்குக் கழிவா! எங்கள் ஆடிட்டிலேயே யாருக்கும் தோன்றாத யோசனை.

சரி, ஜப்பான் பாயின்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே வழக்குப் போடும் முன்பே ஆயிரம் முறை சலித்து எடுப்பார்கள், விடுதலையே அபூர்வம். இங்கே மேல்முறையீட்டில் எத்தனை விடுதலை! கேரளத்தில் நம்பி நாராயணனுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் தரச் சொன்னது, பிறகு மாநில அரசு 1.3 கோடி கொடுத்து சிவில் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. நான் வேண்டாம் என்றேனா? போலீஸ் வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்த இடத்தில் கொடு. எல்லா விடுதலைக்கும் எதற்கு?

வெள்ளைக்காகிதம்:
நம்பி நாராயணன் உள்ளே இருந்தது 50 நாள். கைது 1994, அந்த 50 லட்சத்துக்கான தீர்ப்பு 2018. ராக்கெட் விஞ்ஞானியே 24 வருஷம் கோர்ட் படி ஏறினால், பெயில் போட ஆளில்லாதவன் எத்தனை வருஷம் ஏறுவான்? 'வேண்டுமென்றே செய்தார்கள் என்று காட்டு' என்றால் காட்ட முடிந்தவனுக்கு மட்டும்தான் அது சட்டம்.

ருதுல் ஷா வழக்கு தெரியுமில்லையா? பீகாரில் 1968-ல் விடுதலை செய்தது கோர்ட். சிறையிலிருந்து வெளியே வந்தது 1982-ல். 1983-ல் உச்ச நீதிமன்றம் 30,000 ரூபாய் தரச் சொன்னது. முன்பு கொடுத்த 5,000-ஐயும் சேர்த்து 35,000. வகுத்துப் பார்த்தேன், நாளுக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை.

டிக்ரி குமாஸ்தா:
இவ்வளவு நேரம் தொகை எவ்வளவு என்றே பேசுகிறீர்கள். தரச் சொன்ன பணம் கைக்கு வருமா என்று யாரும் கேட்கவில்லை. வக்கீல் குமாஸ்தாவாக 18 வருஷம், என் பிழைப்பே அந்தக் கேள்விதான்.

அரசுக்கு எதிராக டிக்ரி, அதாவது பணம் தரச் சொல்லும் சிவில் கோர்ட் உத்தரவு, வாங்கினால் உடனே நிறைவேற்று மனு (ஈ.பி.) போட முடியாது. மூணு மாசம் காத்திருக்கணும், சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 82. அந்த மூணு மாசத்தில் பணம் வந்ததாக நான் பார்த்தது கை விரலுக்குள். பிறகு ஈ.பி. போட்டு, வாய்தா வாங்கி, ஜப்தி உத்தரவு வரும். ஒருமுறை விபத்து இழப்பீடு கட்டாததால் அரசு பஸ்ஸை ஜப்தி பண்ண கோர்ட் அமீனாவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் கிளம்பத் தயாராக நிற்குது. அமீனா ஏறி உத்தரவை வாசிக்கிறார், கண்டக்டர் பையை மார்போடு கட்டிக்கொண்டு 'சார் கலெக்‌ஷன் என் பொறுப்பு, அதையும் எடுப்பீங்களா'ங்கறார். உள்ளே ஒரு பாட்டி, மடியில் வாழைத்தார், 'நான் ஏன்யா இறங்கணும்'னு இறங்க மாட்டேங்குது. எங்க கட்சிக்காரம்மா, புருஷனை அதே மாதிரி ஒரு பஸ்ஸில் பறிகொடுத்தவங்க, ஓரமா நின்னு அந்தப் பாட்டிக்கு அடுத்த வண்டி எதுன்னு விசாரிச்சுக் குடுத்தாங்க. நாலாவது நாள் பணம் கட்டி வண்டியை மீட்டாங்க. பணம் இருந்திருக்கு பாருங்க.

பழைய கருவூலம்:
குமாஸ்தா தம்பி சொல்வது நிஜம். பணம் எப்போதும் இருக்கும். அதிலும் கோர்ட் டிக்ரி தொகை அரசமைப்புச் சட்டம் 202-வது பிரிவுப்படி சார்ஜ்டு செலவு. சட்டமன்றத்தில் ஓட்டுக்கே விட வேண்டியதில்லை, ஒதுக்கியாக வேண்டும்.

பிறகு ஏன் நிற்கிறது? உள்ளே இருந்தவன் சொல்கிறேன். தீர்ப்பு வந்ததும் அரசு வக்கீலிடம் 'மேல்முறையீட்டுக்குத் தகுதி உண்டா' என்று கருத்துக் கேட்பார்கள். 'இல்லை' என்று எழுத அவருக்குத் துணிச்சல் வராது. கோப்பு மாவட்டம், துறைத் தலைமை, செயலகம், நிதித் துறை என்று ஏறும். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வினா எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அப்பீல் போகாமல் பணம் கொடுத்தவனைத் தணிக்கை கேட்கும். அப்பீல் போய்த் தோற்று, வட்டியோடு கொடுத்தவனை யாரும் கேட்டதில்லை. அவன் விதிப்படி நடந்தவன்.

நில எடுப்பில் வட்டி முதல் வருஷம் 9 சதவீதம், பிறகு 15. பத்து லட்சம் பாக்கி என்றால், பத்து வருஷத்தில் வட்டியே 14 லட்சத்து 40 ஆயிரம். நானே அந்த மாதிரி பில் பாஸ் பண்ணியிருக்கிறேன். அசலைவிட வட்டி பெரிசு. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியதில்லை என்று சொன்னால் பொய்.

வெள்ளைக்காகிதம்:
அப்படியானால் நீங்கள் என் பக்கம்தானே ஐயா? கோப்பு மேஜை மேஜையாக ஏறக் கூடாது என்றுதான் 'கேட்காமலே' என்றேன்.

பழைய கருவூலம்:
பாதி. நாள் கணக்குக்கு ஒரு அட்டவணை போடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விடுவிக்கிற நீதிபதியே தீர்ப்பில் ஒரு வரி எழுதட்டும், இவருக்கு இது பொருந்துமா பொருந்தாதா என்று. சாட்சி பிறழ்ந்த கேஸை அவர் பிரித்துவிடுவார். அந்த வரி இல்லாமல் கருவூலத்துக்கு வந்தால் நான் திருப்பித்தான் அனுப்புவேன், ரிட்டயர் ஆன பிறகும்.

தூரத்து இடி:
அந்த ஒரு வரியைத்தான் எழுத மாட்டார்கள், அதுதான் பிரச்சினை. அட்டவணை இருந்தும் ஆளைப் பார்த்துப் பிரித்த கதை ஃப்ளோரிடாவில் நடந்தது. 2008 சட்டத்தில் வருஷத்துக்கு 50,000 டாலர், உச்சம் 20 லட்சம். ஆனால் அதற்கு முன் வேறு குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தால் அப்போது கிடையாது. 27 வருஷம் தவறாக உள்ளே இருந்த ஒருவருக்கு, இளமையில் போதை மாத்திரை வைத்திருந்த பழைய வழக்கைக் காட்டி இல்லை என்றார்கள். கடைசியில் அவர் ஒருவருக்காக மசோதா போட்டு 2012-ல் 13.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மசோதாவா?

மல்லிகா வீட்டுக்காரர்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். இந்த இழையைப் படித்ததும் அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். சாலை விரிவாக்கத்துக்கு எடுத்த நிலத்துக்குக் கூடுதல் தொகை தரச் சொல்லி சப் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. 2015 நவம்பர். கொஞ்சம் பணம் வந்தது, மீதி வரவே இல்லை. அப்பா மூன்று வருஷம் முன்பு தவறிவிட்டார். 'அரசாங்கப் பணம், எங்கே போகும்' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இனி வாங்க வழி உண்டா?

டிக்ரி குமாஸ்தா:
உண்டுங்க. ஆனா அரசாங்கப் பணம் எங்கேயும் போகாதுன்னு சும்மா இருந்துடாதீங்க. டிக்ரியை நிறைவேத்தக் காலக்கெடு 12 வருஷம், 2015 நவம்பர்ல இருந்தே ஓடிக்கிட்டிருக்கு. அரசு அப்பீல் போச்சா, ஸ்டே இருந்துச்சா, ஏற்கெனவே ஈ.பி. போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க. டிக்ரி நகலுக்கு மனு, அப்பாவோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூணையும் இந்த வாரமே ஆரம்பிங்க. வாரிசுச் சான்றுக்குத்தான் தாலுகா ஆபீஸில் நாளாகும். பெட்டியில் கேஸ் நம்பர் எல்.ஏ.ஓ.பி.ன்னு (நில எடுப்பு வழக்குக்கான குறி) ஆரம்பிக்கும், அதைப் பார்த்துச் சொல்லுங்க. வந்த கொஞ்சப் பணம் அசல் கணக்கில் வரவு வச்சாங்களா வட்டிக் கணக்கிலான்னும் பாருங்க.

பழைய கருவூலம்:
வட்டிக் கணக்கில்தான் முதலில் வைக்கணும் என்று கேளுங்கள் சார். பில் நகல் கிடைத்தால் இங்கே தொகையை மட்டும் போடுங்கள், நான் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.