அறிவியல் படப்புத்தகத்தில் விலங்குகள் பேசலாமா?

நத்தை:
நான்கு வயதுக் குழந்தைக்குத் தினமும் சத்தமாக வாசித்துக் காட்டுவதற்காக இயற்கை, அறிவியல் படப்புத்தகங்களாகத் தேடி எடுத்து வருகிறேன். பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒன்றில் தொப்பி போட்ட தேனீப் பையன், "அம்மா, தேன் எடுத்துட்டு வரேன்" என்று கிளம்புகிறான். பூவுக்குப் பூ போய்த் தேன் சேர்ப்பவை எல்லாமே பெண் தேனீக்கள். ஆண் தேனீக்கு அந்த வேலையும் கிடையாது, கொட்டுவதற்குக் கொடுக்கும் கிடையாது. இன்னொன்றில் கம்பளிப்புழு கூட்டுக்குள் போய் நன்றாகத் தூங்குகிறது, எழுந்து பார்த்தால் சிறகு முளைத்திருக்கிறது. உண்மையில் உள்ளே நடப்பது என்ன? புழுவின் உடம்பில் பெரும்பகுதி சிதைந்து கரைகிறது. புழுவாக இருக்கும்போதே உடம்புக்குள் காத்திருந்த சின்னச் சின்ன செல் தொகுதிகளில் இருந்து இறக்கை, கால், கண் எல்லாம் புதிதாக உருவாகின்றன. இத்தனை பெரிய அதிசயத்தைத் தூக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அட்டையில் அறிவியல் என்று போட்டுவிட்டால் உள்ளே விலங்கு பேசக் கூடாது, சட்டை போடக் கூடாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

கரிச்சான்:
மறுக்கிறேன். நீங்கள் இரண்டு குறைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். தேனீயைப் பையனாக எழுதியது தகவல் பிழை. அதே கதையில் ஒரு தேனீ தன் அக்காவிடம் பேசிக்கொண்டே பூவுக்குப் போயிருந்தால் உயிரியல் கெட்டிருக்காது. பேச்சு வேறு, பிழை வேறு.

பியாட்ரிக்ஸ் பாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நீலச் சட்டை போட்ட முயலை வரைந்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும். அதற்கு முன்பு அவர் காளான்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்தவர். காளான் வித்துகள் முளைப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் அனுமதி இல்லாததால் வேறொருவர்தான் அதை முன்வைத்தார். 1902-ல் வந்த அவருடைய முயல் கதையில், முயல் தப்பி ஓடும்போது காலணிகள் கழன்று விழுந்துவிடும். அப்புறம் அது நான்கு காலில் இன்னும் வேகமாக ஓடும். சட்டைக்கு உள்ளே இருப்பது நிஜ முயல். விலங்கை உன்னிப்பாகப் பார்த்தவர் கையில் சட்டையால் ஒரு கேடும் வராது.

வேலிப்பருத்தி:
கரிச்சான் அண்ணா, பாட்டரின் படங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் அதை அறிவியல் புத்தகம் என்று கொடுக்கவில்லை. கேள்வி அறிவியல் புத்தகங்களைப் பற்றியது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பாட்ரிஷியா கேனியா என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு. 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத விலங்குகளைப் பற்றிய படப்புத்தகங்களை வாசித்துக் காட்டினார்கள். சிலருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லும் வரிகள், சிலருக்கு விலங்கு மனிதரைப் போலப் பேசி நினைக்கும் வரிகள். இரண்டாவது வகையைக் கேட்ட குழந்தைகள் நிஜ விலங்குக்கும் மனித குணங்களை ஏற்றிச் சொல்வது அதிகமாக இருந்தது. சிறிய குழந்தைகள் புதிய தகவல்களைக் கற்றுக்கொள்வதையும் அப்படிப்பட்ட புத்தகங்கள் பாதித்தன. விலங்குக்கு மனித குணம் ஏற்றுவதில் தெளிவாக விளைவு தெரிந்தது மொழியால்தான். நாம் பேசுவது சத்தமாக வாசிப்பதைப் பற்றி. குழந்தை படத்தைப் பார்க்கிறது, வரியை நம் வாய்வழியாகக் கேட்கிறது. நம் குரலுக்கு அங்கே பெரிய பொறுப்பு இருக்கிறது.

கரிச்சான்:
ஆய்வை மதிக்கிறேன் தம்பி. ஆனால் அது அளந்தது, வாசித்து முடித்த கையோடு குழந்தை என்ன பதில் சொல்கிறது என்பதை. அந்த விலங்கின்மேல் ஆசை வந்து மறுவாரம் வேறு புத்தகம் கேட்டதா என்பதை அளக்கவில்லை. எனக்கு அந்த ஆசைதான் முக்கியம்.

இன்னொன்று. பேசாத புத்தகம் உண்மையைத்தான் சொல்கிறது என்று யார் சொன்னது? எந்தச் சூரியக் குடும்பப் படத்தையும் விரியுங்கள். பூமியும் நிலாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பூமியை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வரைந்தால் நிலா மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாக, ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பல புத்தகங்களில் பக்கத்துக்கு வெளியே போய்விடும். ஸ்டெகோசாரஸ், டைரனோசாரஸ் என்ற இரண்டு டைனோசர்களும் ஒரே காட்டில் சண்டை போடும் படங்களும் நிறைய உண்டு. அவை இரண்டுக்கும் இடையே சுமார் 8 கோடி ஆண்டுகள். டைரனோசாரஸுக்கும் நமக்கும் இடையே அதைவிடக் குறைவு, ஏறக்குறைய 6.6 கோடிதான். தொப்பி போட்ட தேனீயைப் பார்த்து "சும்மா கதை" என்று குழந்தையே சொல்லிவிடும். இந்தப் படங்களைப் பார்த்து அப்படிச் சொல்ல அதற்கு வழியே இல்லை.

நத்தை:
நிலா படத்தைப் பற்றிச் சொன்னது நியாயம். அதற்கு மருந்து, "படத்தில் தூரம் அளவுப்படி இல்லை" என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி போடுவது. அதைச் செய்யாத பதிப்பாளர்கள்மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் ஒரு பொய் இருப்பதால் இன்னொரு பொய்க்கு அனுமதி கொடுக்க முடியாது.

அந்திவானம்:
இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். நான் சிறுவர் குழுக்களுக்கு வாசித்துக் காட்டுகிறவள். பேசாத, உண்மையை மட்டும் சொல்லும் புத்தகங்களில் பெரும்பாலானவற்றை வாய்விட்டு வாசிக்கவே முடியாது! ஒரு பக்கத்தில் ஆறு பெட்டிச் செய்திகள், அம்புக்குறிகள், "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு மூலை. எங்கே ஆரம்பிப்பது, எங்கே மூச்சு விடுவது? குழந்தை பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறது, நான் இன்னும் மூன்றாவது பெட்டியில் நிற்கிறேன். கதைப் புத்தகம் ஜெயிப்பதற்குக் காரணம் தொப்பி இல்லை. அதன் வரிக்கு ஓட்டம் இருக்கிறது, ஒரு கேள்வியோடு பக்கம் முடிகிறது, புரட்டினால் பதில் இருக்கிறது.

அந்த ஓட்டத்தை உண்மைக்கும் கொடுக்கலாம். கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658-ல் குழந்தைகளுக்காகப் போட்ட படப்புத்தகம் விலங்குகளின் ஒலிகளோடுதான் தொடங்குகிறது. காகம் கத்துவதைக் கேட்டு ஒரு எழுத்து, ஆடு கத்துவதைக் கேட்டு இன்னொரு எழுத்து. அங்கே விலங்கு மனித மொழி பேசவில்லை, தன் குரலில்தான் கத்துகிறது. வாசிப்பவருக்கும் வேலை இருக்கிறது, கேட்கிற குழந்தையும் கூடவே கத்துகிறது.

இப்போதும் நல்ல புத்தகங்களில் இரண்டு அடுக்கு எழுத்து வைக்கிறார்கள். பெரிய எழுத்தில் வாசிக்க ஒரு வரி: "ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று, ரத்தம் நீலம்." கீழே சிறிய எழுத்தில், ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம் இருப்பதால் அந்த நிறம் என்ற விளக்கம். முதல் தடவை பெரிய வரிகளை மட்டும் வாசித்துப் போய்விடுவேன். "ஏன் நீலம்?" என்று ஒரு குரல் எழும்பும். அப்போதுதான் சிறிய எழுத்துக்குப் போவேன். கேள்வி வருவதற்கு முன்னால் விளக்கத்தைக் கொட்டினால் யாரும் கேட்பதில்லை.

கரிச்சான்:
அக்கா சொன்ன இரண்டு அடுக்கு எனக்குச் சம்மதம். ஜோனா கோல் எழுதி புரூஸ் டீகன் வரைந்த மேஜிக் ஸ்கூல் பஸ் வரிசையும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. 1986-ல் வந்த முதல் புத்தகத்தில் குழந்தைகள் நீர்த்துளிக்குள் சுருங்கிக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாகப் பயணம் போகிறார்கள். கடைசியில் எதெல்லாம் நிஜத்தில் நடக்காது என்று நூலாசிரியரே எழுதிவிடுகிறார். கற்பனையையும் விடவில்லை, உண்மையையும் விடவில்லை.

வேலிப்பருத்தி:
அங்கேயும் கற்பனை மனிதக் குழந்தைகளுக்கு நடக்கிறது. நீர்த்துளி வாய் திறந்து பேசவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் பெரியது.

சிறுகுருவி:
இடையில் வருகிறேன், ஒரு கேள்வி. பாம்பு தவளையைப் பிடிக்கிற பக்கம் வரும்போது என்ன செய்கிறீர்கள்? என் மகள் அழுகிறாள். அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறேன்.

நத்தை:
தாண்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் புத்தகத்தில் தவளை அதற்கு முன்பு பேசியதா என்று பாருங்கள். பத்துப் பக்கம் பாட்டுப் பாடி, நண்பனைத் தேடிப் போன தவளையைப் பதினோராவது பக்கத்தில் பாம்பு விழுங்கினால் அது கொலை. பாம்பு வில்லன். அதே தவளை தவளையாகவே இருந்து, நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடித்துத் தின்று, பிறகு பாம்புக்கு இரையானால் அது உணவுச் சங்கிலி. குழந்தைக்கு அப்போதும் வருத்தம் வரும், வரட்டும். பாம்பின்மேல் வெறுப்பு வராது. விலங்குகளைப் பேச வைப்பதில் எனக்கு இருக்கும் பெரிய பயமே இதுதான். பேச்சு யாருக்குக் கிடைக்கிறதோ அவர் பக்கம் குழந்தை சாய்ந்துவிடுகிறது. முயலுக்கும் அணிலுக்கும் எப்போதும் பேச்சு கிடைக்கிறது, பாம்புக்கும் சிலந்திக்கும் வௌவாலுக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மிரட்டல்தான்.

கரிச்சான்:
நத்தை, இது வலுவான வாதம். இதற்கு என் பதில், பாம்பையும் பேச விடுங்கள் என்பதுதான். அது பல நாள் சாப்பிடாமல் காத்திருந்ததைச் சொல்லட்டும். இரண்டு பேரின் பசியையும் கேட்ட குழந்தை யாரையும் வில்லன் ஆக்காது.

நத்தை:
பூச்சியும் பேசினால்? அதுவும் உயிர்தானே. ஒவ்வொரு இரைக்கும் ஒரு வசனம் எழுதிக்கொண்டே போனால் குழந்தைக்கு எங்கும் சாவுதான் கேட்கும். பேசாத தவளையின் நாக்கைக் காட்டுங்கள், பாம்பின் தாடை அத்தனை அகலமாக விரிவதைக் காட்டுங்கள். அடுத்த கேள்வி தாடையைப் பற்றித்தான் வரும்.

சிறுகுருவி:
என் புத்தகத்தில் தவளை பாட்டுப் பாடுகிறது. பேசாத தவளை இருக்கும் புத்தகம் ஒன்றைத் தேடி வாசித்துப் பார்க்கிறேன். பக்கத்தைத் தாண்டாமல்.

கரிச்சான்:
வாசித்துவிட்டு, அவள் என்ன கேட்டாள் என்று இங்கே எழுதுங்கள். அழுதால் அதையும் எழுதுங்கள். நான் இன்னும் மனம் மாறவில்லை.