பெட்டி இல்லாத பழைய கார் கிட் டீகால்கள்: எந்த கிட், எந்த வருடம்?

கேள்வி:
பிளாஸ்டிக் மாடல் கார் கிட்டோடு வரும், நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலப் படங்கள், அதாவது டீகால்கள், மூன்று தாள் இருக்கின்றன. பெட்டியும் இல்லை, செய்முறைத் தாளும் இல்லை. ஒன்றில் 43 என்ற எண்ணும் எஸ்டிபி (எஞ்சின் ஆயில் சேர்மான பிராண்ட்) முத்திரையும். இரண்டாவதில் தீ ஜுவாலைகளும் அமெரிக்க எண் பிளேட்டுகளும். மூன்றாவது கறுப்பு-தங்க நிற ஜான் பிளேயர் ஸ்பெஷல் (சிகரெட் பிராண்ட்), எண் 6. ஓரத்தில் கிட் எண் இருக்க வேண்டிய மூலை மூன்றிலும் வெட்டப்பட்டிருக்கிறது. அசலா நகலா என்றும் தெரிய வேண்டும். முதல் தாளில் விரிசல் தெரிகிறது, தண்ணீரில் போடலாமா?

பதில் 1:
முதலில் அளவுகோலை ஒட்டி வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். அதற்கு முன் எதையும் நனைக்காதீர்கள்.

ஸ்கேல் (மாடல் அசல் காரில் எத்தனையில் ஒரு பங்கு) கண்டுபிடிக்க எண் பிளேட் போதும். அமெரிக்க பிளேட் 1950களின் பிற்பாதியிலிருந்து 12×6 அங்குலம். வெர்னியர் காலிபரில் அகலம் 12.2 மிமீ வந்தால் 1/25, 12.7 வந்தால் 1/24, 9.5 வந்தால் 1/32. அரை மிமீ வித்தியாசம்தான். சாதாரண அளவுகோலை வைத்துக் கண்ணால் பார்த்தால் தப்பும். 1/25 என்றால் ஏஎம்டி, எம்பிசி, ஜோ-ஹான் ஆகிய கிட் நிறுவனங்கள் பக்கம் தேடுங்கள். 1/24 என்றால் மோனோகிராம் முதலில்.

பதில் 2:
43 + எஸ்டிபி என்றால் அமெரிக்க நாஸ்கார் பந்தய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி. எஸ்டிபி அவருக்கு ஸ்பான்சராக வந்தது 1972இல். அதே தாளில் வின்ஸ்டன் சிகரெட் முத்திரை இருந்தாலும் வரம்பு மாறாது, அது நாஸ்காருக்கு ஸ்பான்சராக 1971இலேயே வந்துவிட்டது. ஜான் பிளேயர் ஸ்பெஷல் என்றால் லோட்டஸ் அணியின் ஃபார்முலா 1 கார்; அந்தக் கறுப்பு-தங்கம் 1972 முதல் 1978 வரை. பிறகு 1981இலிருந்து 1986 வரை மறுபடியும். எண் 6 மட்டும் போதாது: 1977இல் அதை ஓட்டியவர் குன்னர் நில்சன், 1978இல் ரோனி பீட்டர்சன். காக்பிட் பக்கத்துப் பெயரைப் பாருங்கள்.

பதில் 3:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். ஸ்பான்சர் வருடம் "இதற்கு முன் அச்சிட்டிருக்க முடியாது" என்பதை மட்டும்தான் சொல்லும். மறுவெளியீடுகளில் அதே வடிவம் பத்து, இருபது வருடம் கழித்தும் வரும். தாளில் © வருடம் இருந்தாலும் அதே கதைதான்.

அசலா என்பதற்கு 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வேண்டும். பழைய ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு நிறமும் தனி மையாக, புள்ளியில்லாமல், கனமாக இருக்கும். வெளிச்சத்துக்குச் சாய்த்தால் விளிம்பு மேடாகத் தெரியும். வீட்டு இங்க்ஜெட் நகலில் தூய சிவப்பே மஞ்சள், மெஜந்தா புள்ளிகளாகச் சிதறும். வெள்ளையும் காட்டிக்கொடுக்கும்: சாதாரண பிரிண்டர் வெள்ளை மை அச்சிடாது, அதனால் எழுத்தின் வெள்ளைப் பகுதி வெறும் ஒளிபுகு படலமாகவோ தாளின் நிறமாகவோ நிற்கும். படலம் தாள் முழுவதும் ஒரே பரப்பாக ஓடுகிறதா என்றும் பாருங்கள், அதுவும் வீட்டு அச்சின் அடையாளம். ஆனால் புள்ளியை மட்டும் வைத்துத் தீர்ப்பு வேண்டாம். சில தொழிற்சாலைத் தாள்களிலும் படம் போன்ற பகுதிகள் புள்ளிகளாக இருக்கும்.

பதில் 4:
விரிசல் விட்டதை நேராக நீரில் போட்டால் துண்டு துண்டாக உதிரும். பழைய படலம் வறண்டு நெகிழ்ச்சி இழந்திருக்கும். தேவையற்ற ஒரு சிறு முத்திரையை வெட்டி வெதுவெதுப்பான நீரில் சோதியுங்கள்: 15 வினாடி நனைத்து, எடுத்து டிஷ்யூ மேல் ஒரு நிமிடம். உடைந்தால் மீதித் தாளில் மைக்ரோஸ்கேல் லிக்விட் டீகால் ஃபிலிம் (படலத்தைப் பிணைக்கும் திரவம்) ஒரு மெல்லிய பூச்சு, ஓர் இரவு காயவிடுங்கள். பூசிய பிறகு எல்லாம் ஒரே படலமாகிவிடும், ஒவ்வொன்றையும் விளிம்பை ஒட்டி வெட்டித்தான் நனைக்க வேண்டும்.

மஞ்சளேறியதை ஜன்னல் வெயிலில் வெளுக்கலாம், ஆனால் சிவப்பு மையும் சேர்ந்து மங்கும். தினமும் பாருங்கள். சேகரிப்புக்கு என்றால் பூச்சும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்; ஸ்கேனில் இருந்து புதிதாக அச்சிட்டு ஒட்டிவிட்டு அசல் தாளை அப்படியே வையுங்கள்.

கேட்டவர்:
பிளேட் 12.2 மிமீ. லோட்டஸ் தாளில் பெயர் பீட்டர்சன். 43 தாளில் சிவப்பு முழுக்கப் புள்ளி, வெள்ளையே இல்லை.

பதில் 3:
அப்படியானால் 43 நகல்தான், அதைக் கவலையில்லாமல் சோதனைக்கு வையுங்கள். பீட்டர்சன் தாளுக்கு 1978 லோட்டஸ் கிட்களைப் பாருங்கள், 1973 முதல் 1975 வரை அவர் ஓட்டியபோது எண்கள் வேறு.