ஆர்க்டிக் ஆலாவின் பாதையில் செப்டம்பர் மட்டும் ஏன் காணவில்லை?

கோட்டோவியம்:

வணக்கம். என் மகள் வகுப்புக்காகச் சுவரில் மாட்டும் அளவுக்கு ஓர் உலக வரைபடம் வரைகிறேன். துருவக் கடற்பறவைகளின் வலசைப் பாதைகள் மட்டும்தான் அதில் இருக்கும். பொதுத் தரவுத்தளத்தில் இருந்து இரண்டு கோப்புகளை இறக்கினேன். ஒன்று ஆர்க்டிக் ஆலா, இன்னொன்று அல்பட்ரோஸ். ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆலாவின் கோடு கிரீன்லாந்தில் கிளம்பி வட அட்லாண்டிக் வரை அழகாக வருகிறது. செப்டம்பர் பாதியில் இருந்து அக்டோபர் முதல் வாரம் வரை ஒன்றுமே இல்லை. அப்புறம் திடீரென்று ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. மார்ச்சிலும் இதே கதை. செயற்கைக்கோள் அந்த நேரத்தில் வேலை செய்யவில்லையா?

அல்பட்ரோஸ் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே 3, 2, 1, 0, ஏ, பி என்று ஏதோ குறி இருக்கிறது. ஒரு புள்ளி ஒரு கண்டத்தின் நடுவில், கடலில் இருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே விழுந்திருக்கிறது. அதை அழித்துவிடலாமா? பிள்ளைகள் பார்க்கப்போகிற படம் என்பதால் தப்பாக எதையும் வரைய மனமில்லை.

பனிவிளிம்பு:

இப்படிக் கேட்டதற்கே நன்றி. பெரும்பாலானோர் இடைவெளியின் இரு முனைகளையும் நேர்க்கோட்டால் இணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஒன்பது வருடம் இதே மாதிரிக் கோப்புகளைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தேன். சில பருவங்கள் தீவுகளுக்கும் போய்ப் பறவையின் முதுகில் கருவி ஒட்டியிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் ஆலாவை எந்தச் செயற்கைக்கோளும் பார்க்கவில்லை. அதன் காலில் இருந்தது ஜியோலொகேட்டர், அதாவது வெளிச்சத்தை அளந்து நேரத்தோடு சேமித்துக்கொள்ளும் சின்னக் கருவி. 2007-இல் கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் ஆலாக்களுக்குக் கட்டிய கருவியின் எடை 1.4 கிராம்தான். அது எதையும் அனுப்பாது. அடுத்த கோடையில் அதே பறவை அதே கூட்டத்துக்குத் திரும்பி வர வேண்டும், அதை மறுபடி பிடிக்க வேண்டும், கருவியைக் கழற்ற வேண்டும். அப்படிக் கிடைத்த 11 பறவைகளின் பதிவில் இருந்துதான் வருடத்துக்குச் சராசரியாக 70,900 கிலோமீட்டர் என்ற கணக்கு 2010-இல் வெளியானது.

கருவியில் இருப்பது கடிகாரமும் வெளிச்சமும் மட்டும். சூரியன் உதித்த நேரத்துக்கும் மறைந்த நேரத்துக்கும் நடுவே வருவது அந்த இடத்தின் நண்பகல். அதிலிருந்து தீர்க்கரேகை வந்துவிடும். பகல் எவ்வளவு நீளம் என்பதில் இருந்து அட்சரேகை. செப்டம்பர் 22, 23 வாக்கில் என்ன நடக்கிறது? உலகம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். கிரீன்லாந்தில் இருந்தாலும் அதே, பூமத்தியரேகையில் இருந்தாலும் அதே. பறவை வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று வெளிச்சத்தால் சொல்ல முடியாது. அதனால் சம இரவு நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரமாவது அட்சரேகையை எடுத்துவிடுவார்கள். மார்ச்சிலும் அதேதான். டிசம்பரிலும் சில நாட்கள் விட்டுப்போயிருக்கும், பாருங்கள். அண்டார்க்டிக் வட்டத்துக்குள் போய்விட்டால் சூரியன் மறைவதே இல்லை, கணக்குப் போட எதுவும் கிடைக்காது.

மற்ற நாட்களிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் 150, 200 கிலோமீட்டர் வரை பிழை சாதாரணம். பறவை சிறகுக்குள் காலை இழுத்துக்கொண்டாலோ மேகம் கருத்தாலோ சூரியன் மறைந்துவிட்டதாகக் கருவி நினைத்துக்கொள்ளும்.

அலைவரிசை401:

அல்பட்ரோஸ் கோப்புக்கு நான் பதில் சொல்கிறேன், ரேடியோ என் துறை. அது நிஜமாகவே செயற்கைக்கோள் வழி வந்தது, ஆர்கோஸ் என்ற அமைப்பு. 1978 முதல் இயங்குகிறது. பறவையின் முதுகில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் 401.65 மெகாஹெர்ட்ஸில் சின்னச் சின்னத் துடிப்பாக அனுப்பும். ரயில் நம்மை நெருங்கும்போது ஹார்ன் சத்தம் கூர்மையாகவும் தாண்டிப்போனதும் தடித்தும் கேட்கிறதல்லவா, செயற்கைக்கோளுக்கும் அந்தத் துடிப்பு அப்படித்தான் கேட்கும். அந்த மாற்றத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செயற்கைக்கோள் போகும் தடத்துக்கு இடப்பக்கம் ஓர் இடம், வலப்பக்கம் ஓர் இடம், இரண்டுக்கும் ஒரே கணக்கு பொருந்தும். ஒன்று நிஜம், மற்றது கண்ணாடிப் பிம்பம். முந்தைய இருப்பிடத்தைப் பார்த்து எது சரி என்று தேர்ந்தெடுப்பார்கள். எப்போதாவது பிம்பம் தேர்வாகிவிடும். உங்கள் நிலத்து நடுப் புள்ளி அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அழிப்பதற்கு முன் அதே வரிசையில் மாற்று இருப்பிடம் என்று இரண்டாவது அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் குறித்துப் பாருங்கள், கடலில் சரியான இடத்தில் போய் உட்காரும்.

குறிகள்: 3 என்றால் பிழை 250 மீட்டருக்குள், 2 என்றால் 500-க்குள், 1 என்றால் 1500-க்குள், 0 அதற்கு மேல். இந்த நான்குக்கும் செயற்கைக்கோள் ஒரு தடவை மேலே கடந்து போவதற்குள் நான்கு துடிப்பாவது கேட்டிருக்க வேண்டும். மூன்றே கேட்டால் ஏ, அதற்கும் குறைந்தால் பி.

பனிவிளிம்பு:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஏ என்பதைப் பார்த்துப் பயந்து தூக்கிப்போடாதீர்கள். கடல் விலங்குகளில் 0-வை விட ஏ சரியாக அமைவது உண்டு. குறியை வைத்து வெட்டாமல் வேகத்தை வைத்து வெட்டுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அந்தப் பறவை பறக்கவே முடியாத வேகம் வந்தால் அப்போது சந்தேகப்படுங்கள்.

துருவப் பறவைகளுக்கு இந்த அமைப்பில் ஓர் அனுகூலம் உண்டு. ஆர்கோஸ் செயற்கைக்கோள்கள் துருவங்களின் மேலாகச் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு சுமார் 100 நிமிடம், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு துருவத்தையும் தாண்டுகின்றன. பூமத்தியரேகையில் இருக்கும் பறவையை ஒரு செயற்கைக்கோள் நாளுக்கு மூன்று நான்கு தடவை கேட்டால், துருவத்துப் பறவையைப் பதினான்கு தடவை கேட்கும்.

கோட்டோவியம்:

மாற்று இருப்பிடம் கோப்பில் இருந்தது! குறித்துப் பார்த்தேன், அப்படியே வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. மிக்க நன்றி.

ஆலாவுக்கும் அதே டிரான்ஸ்மிட்டரை மாட்டினால் செப்டம்பர் தெரிந்துவிடுமே, ஏன் மாட்டுவதில்லை? இன்னொன்று, அல்பட்ரோஸ் கோடு ஜூலையில் கடல் நடுவில் நின்றுவிடுகிறது. பறவை இறந்துவிட்டதா? மகள் கேட்கிறாள், என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பனிவிளிம்பு:

எடைதான் காரணம். பறவையின் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பலரும் பின்பற்றும் வரம்பு. ஆலா 100 கிராம் சொச்சம், ஆக 3 கிராம். 1989-இல் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருக்கும் குரோசே தீவுகளில் அல்பட்ரோஸ்களின் முதுகில் வைத்த டிரான்ஸ்மிட்டர் 180 கிராம். கிட்டத்தட்ட இரண்டு ஆலா எடை! பத்து கிலோ வரை வளரும் பறவை என்பதால் தாங்கியது. இணை முட்டையை அடைகாத்திருக்க, இரை தேடிப் போன ஒரே பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீட்டர் வரை பறந்து திரும்பியதை அப்போதுதான் உலகம் பார்த்தது. இப்போது சூரிய ஒளியில் இயங்கும் 2 கிராம் டிரான்ஸ்மிட்டர்கள் வந்துவிட்டன. ஆனாலும் அதை முதுகில் வார்பட்டை போட்டுக் கட்ட வேண்டும். தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும் ஒரு பறவைக்கு அதைச் செய்ய எனக்குக் கை வராது.

இதை நான் லேசாகச் சொல்லவில்லை. டிரான்ஸ்மிட்டரில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அது இருக்கும் வரை கருவி அணைந்திருக்கும், எடுத்தால்தான் உயிர் வரும். ஒரு பருவத்தில், காற்றில் கண் திறக்க முடியாத ஒரு மாலையில், ராட்சத பெட்ரல் என்ற பெரிய கடற்பறவை ஒன்றுக்கு ஒட்டிவிட்டுக் காந்தத்தை எடுக்க மறந்துபோனோம். கூடாரத்துக்கு வந்து பையில் எண்ணிப் பார்த்தபோது ஒரு காந்தம் குறைந்தது. பறவை அதற்குள் கடலுக்குப் போய்விட்டது. ஒரு புள்ளிகூடத் தராமல் அந்தச் சுமையை அது இறகு உதிரும் வரை சுமந்திருக்கும். அதற்கப்புறம் நான் இருந்த எந்தக் குழுவிலும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்காமல் பறவையைக் கையில் இருந்து விட்டதில்லை.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். கோடு நின்றதை வைத்து இறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பேட்டரி தீர்ந்திருக்கலாம், ஆன்டெனா முறிந்திருக்கலாம், ஒட்டிய இறகு உதிர்ந்து கருவி கடலில் விழுந்திருக்கலாம். பென்குயின்களில் வருடம் ஒரு தடவை இறகு முழுவதும் மாறும், அதோடு கருவியும் போய்விடும். சூரிய ஒளிக் கருவி என்றால் துருவ இரவில் சத்தமே வராது.

அவளுக்குச் சொல்ல ஒரு கதை தருகிறேன். அலாஸ்காவிலும் ரஷ்யாவின் வடகரையிலும் முட்டையிடும் ஒரு கடல் வாத்து உண்டு. கண்ணாடி போட்டது போல் கண்ணைச் சுற்றி வட்டம் இருக்கும், ஐடர் இனம். குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்று நூறு வருடத்துக்கும் மேலாக யாருக்கும் தெரியாது. சில வாத்துகளுக்கு அறுவை செய்து டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள். 1995 குளிர்காலத்தின் கடைசியில், கிடைத்த சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன விமானம் பெரிங் கடலுக்குப் போனது. செயின்ட் லாரன்ஸ் தீவுக்குத் தெற்கே எங்கும் பனிக்கட்டி. அதன் நடுவே விரிசல்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட வாத்துகள் நெருக்கியடித்து மிதந்துகொண்டிருந்தன.

மணற்றிட்டு:

3 சதவீதம் என்பதை மட்டும் நம்பிவிடக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. கிங் பென்குயின்களின் துடுப்பில் மாட்டும் உலோகப் பட்டை சில பத்து கிராம்தான். அதைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். பட்டை போட்டவை 39 சதவீதம் குறைவாகவே குஞ்சு பொரித்திருந்தன, உயிர்வாழ்வும் 16 சதவீதம் குறைவு. நீந்தும் பறவைக்கு எடையை விடத் தண்ணீரின் இழுவைதான் பெரிது.

பனிவிளிம்பு:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். நான் எடையை மட்டும் சொன்னது குறைதான்.

கோட்டோவியம்:

வாத்துக் கதையை மகள் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். வரைபடத்தில் பெரிங் கடலையும் சேர்க்கச் சொல்கிறாள். கடைசியாக ஒன்று: ஆலாவின் செப்டம்பரை வெறுமையாக விடவா, புள்ளிக்கோடாகப் போடவா?

பனிவிளிம்பு:

இரண்டும் வேண்டாம். தீர்க்கரேகை செப்டம்பரிலும் சரியாகவே இருக்கும், கோப்பில் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு நாளின் தீர்க்கரேகையிலும் வட அட்லாண்டிக்கில் கடைசியாகப் பார்த்த அட்சரேகையில் இருந்து ஆப்பிரிக்கக் கரையில் மறுபடி பார்த்த அட்சரேகை வரை வெளிறிய நிறத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை இழுங்கள். பறவை அந்தப் பட்டைக்குள் எங்கோ இருந்தது. மற்ற மாதங்களில் ஆலாவின் கோட்டைத் தடித்த பிரஷ்ஷால் போடுங்கள், உங்கள் படத்தின் அளவில் 200 கிலோமீட்டர் எவ்வளவோ அந்த அகலத்துக்கு. அல்பட்ரோஸுக்குப் பென்சில் முனை போதும்.