புதுப்பிப்பு: தேனிலவுக்கு எபிடாரஸ்

நிச்சயதார்த்தம் ஆன கையோடு, "நாடகத் தேதிகளுக்கு நடுவே தேனிலவுக்கு எங்கே போகலாம்?" என்று கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது, கிரீஸில் உள்ள எபிடாரஸ்!

இந்தக் கோடையில்தான் முதன்முறையாக முதன்மை வேடமும் கிடைத்தது. அரங்கேற்றத்தன்று முன்வரிசையில் எனக்கு நிச்சயமானவர் உதடசைத்து என் வசனங்களைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டு ஒத்திகைகளில் எதிர்வேடம் படித்தே எல்லாம் மனப்பாடமாகியிருக்கிறது. அந்த முகத்தை மறக்கவே மாட்டேன்.

எபிடாரஸ் அரங்கைச் சொன்னவருக்குத் தனி நன்றி. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்லரங்கம். ஒலிபெருக்கியில்லாமலே குரல் உச்சிப்படிவரை எட்டும் என்று பெயர்பெற்றது. நான் நடுவே நின்று பேச, என்னவர் மேலே உட்கார்ந்து கேட்க வேண்டும். அங்கே 1955இல் தொடங்கிய கோடை விழாவில் பண்டைய நாடகங்களும் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் நடப்பதால், திருமணத் தேதியையே அதற்கேற்பக் குறிக்கிறோம்.