ஸ்டூடியோ அப்டேட்டுக்குப் பிறகு பழைய ஃப்ளட்டர் ஆப் பில்டு ஆகவில்லை: மேஜர் வெர்ஷன் 65

காவேரிப்பட்டணம் மண்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவருக்காக ஒரு ஆப் செய்து கொடுத்தேன். லாரி எடை, கழிவு, கூலி, கமிஷன் எல்லாம் போட்டு, விவசாயி கையில் கொடுக்கிற சீட்டை ப்ளூடூத் தெர்மல் பிரின்டரில் அடிக்கும். இப்போது பக்கத்து மண்டிகள் சிலவற்றிலும் அதுதான் ஓடுகிறது.

எழுதியது கூகுளின் ஆப் எழுதும் தொகுப்பான ஃப்ளட்டர் 3.10ல். ஆப்பை பில்டு செய்யும் கருவி கிரேடில் 7.5, அதோடு சேரும் ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 7.3.0, ஆண்ட்ராய்டு பக்கத்து மொழி கோட்லின் 1.7.10, கம்பைல் எஸ்டிகே (பில்டுக்கு எடுக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பு) 33. இத்தனை நாளும் தொந்தரவு இல்லை. இந்த வருஷம் கழிவுக் கணக்கில் ஒரு மாற்றம் செய்து ப்ளே ஸ்டோரில் ஏற்றப் போனால், டார்கெட் ஏபிஐ 35 (ஆண்ட்ராய்டு 15) இல்லாமல் அப்டேட்டை ஏற்க மாட்டோம் என்கிறது. சரி என்று ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைப் புதுசாகப் போட்டேன். அதிலிருந்து பில்டே ஓடவில்லை. "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65" என்று சிவப்பில் வந்து நின்றுவிடுகிறது.

கிரேடில் கேஷ் ஃபோல்டரை அழி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அழித்தேன், திரும்ப எல்லாம் டவுன்லோடு ஆகி அதே பிழை. கிரேடிலையும் ப்ளகினையும் 8க்கு மாற்றினால் "நேம்ஸ்பேஸ் நாட் ஸ்பெசிஃபைடு" என்று பிரின்டர் ப்ளகினைக் காட்டுகிறது. இப்போது பழையபடி 7.5க்கே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் மண்டியில் யாருக்கும் சோதித்துப் பார்க்க நேரம் இருக்காது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.


ஓசூர் பாகலூர் ரோடு எழுதியது:

ப்ரோ, ஸ்டூடியோ லேடிபக் வெர்ஷனிலிருந்து கூடவே வருகிற ஜேடிகே (ஜாவா கருவித்தொகுப்பு) 21. ஃப்ளட்டர் நீங்கள் வேறு சொல்லாதவரை அதையேதான் எடுத்துக்கொள்ளும். ஜேடிகே 17 தனியாகப் போட்டு, ப்ராஜெக்டின் கிரேடில் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் ஆர்க் டாட் கிரேடில் டாட் ஜாவா டாட் ஹோம் என்ற வரியில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். கிரேடில் 7.3லிருந்தே ஜாவா 17 ஓடும், உங்கள் 7.5க்குப் பிரச்சினை இல்லை. 65 போய்விடும்.


காவேரிப்பட்டணம் மண்டி எழுதியது:

நன்றி ப்ரோ. 17 போட்டதும் 65 போய்விட்டது, பழைய ஆப் பில்டு ஆகிறது. ஆனால் கம்பைல் எஸ்டிகேயை 35 ஆக்கினால் புதுப் பிழை. ஆண்ட்ராய்டு-35 ஃபோல்டரில் இருக்கிற ஆண்ட்ராய்டு ஜார் கோப்பை ஏற்ற முடியவில்லை என்கிறது. எஸ்டிகே மேனேஜரில் 35ஐ அழித்துத் திரும்பப் போட்டும் அதேதான்.


அதியமான்கோட்டை எழுதியது:

தம்பி, உங்கள் எஸ்டிகே 35 நன்றாகத்தான் இருக்கிறது. அதை இனிமேல் அழிக்க வேண்டாம். ப்ளகின் 7.3.0க்குள் இருக்கிற ஏஏபிடி2 என்ற கருவி பழசு, அதற்கு 35ன் ரிசோர்ஸ் பட்டியலைப் படிக்கத் தெரியாது. அதனால்தான் ஜாரை ஏற்ற முடியவில்லை என்கிறது.

நான் தருமபுரியில் இருந்துகொண்டு சின்ன வியாபாரிகளுக்குச் செய்து கொடுத்த ஆப்களைப் பராமரிக்கிறேன். புளி கமிஷன் மண்டி, தக்காளி வியாபாரம் என்று எல்லாம் உங்களுடையது மாதிரிதான். எழுதி ஓடவிட்டதும் யாரும் தொடமாட்டார்கள். ப்ளே ஸ்டோர் கேட்கும்போது மொத்தமாகத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும். அப்போது எல்லாரும் முதல் சிவப்பு வரியைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் போக்கப் பார்க்கிறார்கள். ஒன்று போனால் அடுத்தது வரும், அதைப் போக்கினால் முதலாவது திரும்பி வரும். நம்மால் மாற்றவே முடியாதது எது என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது ப்ளே ஸ்டோர் கேட்கிற 35. 2025 ஆகஸ்ட் 31லிருந்து அப்டேட்டுகளுக்கு அது கட்டாயம். அந்த முனையிலிருந்து கீழே இறங்குங்கள்.

டார்கெட் 35 என்றால் கம்பைல் எஸ்டிகேயும் 35. அதற்கு ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் குறைந்தது 8.6.0. ப்ளகின் 8.6க்குக் கிரேடில் குறைந்தது 8.7. ப்ளகின் 8 வரிசை முழுக்க ஜேடிகே 17க்குக் கீழே ஓடாது. கிரேடில் 8.5லிருந்தே ஜாவா 21ல் ஓடும், ஆகவே 8.7க்குப் போய்விட்டால் ஸ்டூடியோவுடன் வந்த ஜேடிகே 21 மட்டுமே போதும். ஓசூர் நண்பர் சொன்ன 17 தவறில்லை, பழைய பில்டை உயிரோடு வைத்துக்கொள்ள அது வேண்டும். ஆனால் 35க்குப் போகிற வழியில் 65 தானாகவே ஒழிந்துவிடும்.

65 என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை பயம் இருக்காது. ஜாவா கம்பைல் செய்கிற ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் தலையிலும் ஓர் எண் இருக்கும். ஜாவா 8க்கு 52, 11க்கு 55, 17க்கு 61, 21க்கு 65. எண்ணில் 44ஐக் கழித்தால் ஜாவா வெர்ஷன் வந்துவிடும். கிரேடில் உங்கள் பில்டு கோப்பையே முதலில் கிளாஸ் கோப்பாக மாற்றித்தான் ஓட்டும். மாற்றுவது ஜாவா 21, படிப்பது 7.5ல் இருக்கிற பழைய கருவி. அது 65ஐக் கண்டதும் நின்றுவிடுகிறது. நீங்கள் ஃப்ளட்டருக்காக டார்ட் மொழியில் எழுதிய கோடில் ஒரு எழுத்துகூடக் காரணமில்லை. கேஷை அழித்தால் ஏன் சரியாகவில்லை என்பதும் இதிலேயே புரியும்: தவறான ஜாவா கேஷுக்கு வெளியே இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் நெட்வொர்க் இருக்கிற லட்சணத்தில் கேஷை அழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். டவுன்லோடுக்கு இன்னொன்று: கிரேடில் ராப்பர் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் முகவரி "ஆல்" என்று முடிந்தால் "பின்" என்று மாற்றுங்கள். "ஆல்" என்பதில் மூலக் கோடும் ஆவணங்களும் சேர்ந்து வரும், பில்டுக்கு அவை வேண்டியதில்லை.

கோட்லினை மறந்துவிடாதீர்கள். 1.7.10 இந்தப் புது ஜோடிக்குப் பொருந்தாது. கோட்லின் தளத்தில் எந்த வெர்ஷன் எந்தக் கிரேடிலோடு போகும் என்று அட்டவணை இருக்கிறது. 2.1.0 என்றால் கிரேடில் 7.6.3 முதல் 8.10 வரை, ப்ளகின் 7.3.1 முதல் 8.7.2 வரை.

ஃப்ளட்டரையும் உயர்த்தியே ஆக வேண்டும். அதற்கு என் வழக்கம் இது. புது ஃப்ளட்டரைப் போட்டு, வேறொரு இடத்தில் ஃப்ளட்டர் கிரியேட் கொடுத்து ஒரு வெற்று ப்ராஜெக்ட் உண்டாக்குவேன். அதன் ஆண்ட்ராய்டு ஃபோல்டரில் கிரேடில், ப்ளகின், கோட்லின் மூன்றும் என்ன எண்ணில் இருக்கின்றன என்று பார்ப்பேன். அந்த மூன்றும் ஃப்ளட்டர் குழுவே சேர்த்து ஓட்டிப் பார்த்த எண்கள், அதைவிட நம்பகமான சேர்க்கை எந்த வீடியோவிலும் கிடைக்காது. நான் மேலே சொன்னவை குறைந்தபட்சம். வெற்று ப்ராஜெக்டில் அதிகமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்களையும் செட்டிங்ஸ் கோப்பில் இருக்கிற ப்ளகின்ஸ் பகுதியின் அமைப்பையும் மட்டும் எடுங்கள். புது ப்ராஜெக்ட் கோட்லின் மொழியில் பில்டு கோப்பு எழுதும், உங்களுடையது க்ரூவி. மேற்கோள் குறி, சமக்குறி எல்லாம் வேறுபடும், அப்படியே ஒட்டினால் வேறு பிழை வரும்.

தொடங்குவதற்கு முன் கிட்டில் (கோடின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து வைக்கும் கருவி) தனி பிராஞ்ச், அதாவது தனிக் கிளை. இப்போது 17ல் பில்டு ஆகிற நிலையை முதலில் கமிட் செய்யுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கமிட். மண்டியில் இன்றைக்கே ஏதாவது கோளாறு என்றால் பழைய பிராஞ்சிலிருந்து ஏபிகே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

இனி நேம்ஸ்பேஸ், அதாவது மாட்யூலின் அடையாளப் பெயர். 2023 ஏப்ரலில் வந்த ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 8.0லிருந்து ஒவ்வொரு மாட்யூலும் தன் பில்டு கோப்பிலேயே நேம்ஸ்பேஸைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் மேனிஃபெஸ்டில் இருக்கிற பேக்கேஜ் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். உங்கள் பிரின்டர் ப்ளகினை எழுதியவர் அதற்குப் பிறகு தொடவில்லை, அவ்வளவுதான். முதலில் ஃப்ளட்டர் பேக்கேஜ்கள் கிடைக்கும் பப் தளத்தில் புது வெர்ஷன் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பப் கேஷுக்குள் போய்த் திருத்தாதீர்கள். அடுத்த கம்ப்யூட்டரில் அந்தத் திருத்தம் இருக்காது, கேஷைச் சுத்தம் செய்தாலும் போய்விடும். ப்ளகினை உங்கள் ப்ராஜெக்டுக்குள் ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து, பப்ஸ்பெக்கில் டிபென்டன்சி ஓவர்ரைட்ஸ் பகுதியில் அந்தப் பாதையைக் கொடுங்கள். மேனிஃபெஸ்டில் இருக்கிற பேக்கேஜ் பெயரையே அதன் பில்டு கோப்பில் நேம்ஸ்பேஸாக எழுதுங்கள். அதே பில்டு கோப்பில் ஜேசென்டர் (பழைய லைப்ரரிக் கிடங்கு) என்று இருந்தால் மேவன் சென்ட்ரல் என்று மாற்றிவிடுங்கள். ஜேசென்டர் 2024 ஆகஸ்ட்டிலிருந்து தனியாக எதையும் தருவதில்லை, மேவன் சென்ட்ரலுக்கே திருப்பிவிடுகிறது.


ஓசூர் பாகலூர் ரோடு எழுதியது:

அண்ணா சொன்னது சரி. ஆனால் இவ்வளவு தூரம் போவதென்றால் ஃப்ளட்டர் பப் அப்கிரேடு மேஜர் வெர்ஷன்ஸ் கொடுத்து எல்லா பேக்கேஜையும் ஒரேயடியாக உயர்த்திவிடலாமே? ஒரு தலைவலியோடு முடியும்.


அதியமான்கோட்டை எழுதியது:

சீசன் முடிந்த பிறகு தாராளமாகச் செய்யலாம். இப்போது வேண்டாம் என்பேன். பில்டு கருவிகளையும் பேக்கேஜ்களையும் ஒரே நேரத்தில் உயர்த்தினால், சீட்டில் எடை தப்பாக அச்சானால் எது காரணம் என்று தேட வழி இருக்காது. மண்டியில் அந்தச் சீட்டை வைத்துத்தான் விவசாயிக்குப் பணம். பப்ஸ்பெக் லாக் கோப்பு கிட்டில் இருக்கட்டும், பில்டு கேட்கிற பேக்கேஜை மட்டும் ஒவ்வொன்றாக உயர்த்துங்கள்.


காவேரிப்பட்டணம் மண்டி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே வந்தேன். வெற்று ப்ராஜெக்டின் எண்களைப் போட்டதும் 65 இல்லை, ஜார் பிழையும் இல்லை. 21லேயே ஓடுகிறது. பிரின்டர் ப்ளகினை உள்ளே கொண்டுவந்து நேம்ஸ்பேஸ் எழுதினேன். இப்போது நிற்பது இங்கே: "இன்கன்சிஸ்டன்ட் ஜேவிஎம் டார்கெட்", ஜாவாக் (ஜாவா கம்பைலர்) பக்கம் 1.8, அதாவது ஜாவா 8, கோட்லின் பக்கம் 21. நான் எங்கேயும் 21 என்று எழுதவில்லையே?


அதியமான்கோட்டை எழுதியது:

நீங்கள் எழுதாததால்தான் வந்தது, தம்பி. அந்த ப்ளகினில் ஜாவா பக்கம் 8 என்று இருக்கிறது, கோட்லின் பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் கோட்லின் ஓடுகிற ஜேடிகேயின் எண்ணையே எடுத்துக்கொள்ளும், இங்கே 21. கிரேடில் 7 வரை இது எச்சரிக்கை, 8லிருந்து பிழை. நகலெடுத்த ப்ளகினின் பில்டு கோப்பில் கம்பைல் ஆப்ஷன்ஸில் சோர்ஸ், டார்கெட் இரண்டையும் 17 ஆக்குங்கள், கோட்லின் பக்கம் ஜேவிஎம் டார்கெட்டையும் 17 என்று எழுதுங்கள். ஆப் மாட்யூலிலும் அதே 17. சரிபார்ப்பை வார்னிங்காகத் தளர்த்தும் ஒரு வரி நெட்டில் கிடைக்கும், அதைப் போடாதீர்கள்.

அடுத்து ரெஜிஸ்ட்ரார் என்ற பெயரைக் காணவில்லை என்று ஜாவாப் பிழை வரலாம். ப்ளகின் பழைய எம்பெடிங் முறையில் எழுதப்பட்டிருந்தால் அதற்கான ரெஜிஸ்டர் வித் என்ற ஃபங்ஷன் உள்ளே இருக்கும். புது ஃப்ளட்டரில் அது கிடையாது. ஆன் அட்டாச்டு டு இன்ஜின் என்ற ஃபங்ஷனும் கூடவே இருந்தால் பழையதைத் தைரியமாக நீக்கிவிடலாம். அது இல்லையென்றால் வேறு ப்ளகின்தான் தேட வேண்டும்.


பாலக்கோடு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 35க்குப் போகிறவர்கள் 16 கேபி பேஜ் சைஸையும் (போன் நினைவகத்தைப் பிரிக்கும் துண்டின் அளவு) பார்த்துவிடுங்கள். 2025 நவம்பர் 1லிருந்து ஆண்ட்ராய்டு 15ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் அப்டேட்டுகளுக்கு ப்ளே ஸ்டோர் அதையும் கேட்கிறது. டார்ட், கோட்லின் கோடுக்குத் தொல்லை இல்லை, சி++ போன்ற மொழியில் எழுதிக் கம்பைல் செய்த எஸ்ஓ கோப்புகள்தான் விஷயம். ஸ்டூடியோவில் ஏபிகே அனலைசரில் திறந்தால் எந்த எஸ்ஓ கோப்பு பொருந்தவில்லை என்று அதுவே காட்டும். எனக்கு ஒரு பழைய டேட்டாபேஸ் பேக்கேஜ் மாட்டியது, அதன் புது வெர்ஷனில் சரியாகிவிட்டது.


அதியமான்கோட்டை எழுதியது:

நல்ல வேளை சொன்னீர்கள். ஃப்ளட்டரையே உயர்த்த வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம். ஃப்ளட்டர் இன்ஜினே ஓர் எஸ்ஓ கோப்பு, 3.10ல் இருந்துகொண்டு அதைச் சரிசெய்ய முடியாது. சொந்தமாக சி++ கோடு வைத்திருப்பவர்கள் அதைக் கம்பைல் செய்யும் தொகுப்பான என்டிகேயின் 28க்குப் போனால் 16 கேபி அமைப்பு இயல்பாகவே வரும்.


காவேரிப்பட்டணம் மண்டி எழுதியது:

பில்டு ஆகிவிட்டது! ரெஜிஸ்ட்ரார் பிழை சொன்னபடியே வந்தது, புது ஃபங்ஷனும் உள்ளே இருந்தது, பழையதை நீக்கினேன். அனலைசரில் எல்லா எஸ்ஓ கோப்பும் சரி. இன்டர்னல் டெஸ்டிங்கில் ஏற்றி, அப்பா போனில் போட்டுச் சீட்டு அடித்துப் பார்த்தோம். பழைய ஆப் அடித்த சீட்டோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறது.

ஒரே ஒரு சந்தேகம். எடைமேடைப் பையனிடம் ஆண்ட்ராய்டு 6 போன் இருக்கிறது. அதில் இந்த அப்டேட் வருமா?


அதியமான்கோட்டை எழுதியது:

மகிழ்ச்சி, தம்பி. ஆண்ட்ராய்டு 6 என்றால் ஏபிஐ 23. ஆப் பில்டு கோப்பில் மின் எஸ்டிகே (ஆப் ஓடக் குறைந்தபட்சம் வேண்டிய ஏபிஐ) "ஃப்ளட்டர் டாட் மின் எஸ்டிகே வெர்ஷன்" என்று இருந்தால், இப்போது போட்டிருக்கிற ஃப்ளட்டர் அதை எவ்வளவாக வைத்திருக்கிறது என்று பாருங்கள். 24 என்றால் அந்த போனுக்கு ப்ளே ஸ்டோர் அப்டேட்டையே காட்டாது, பழைய வெர்ஷன் பாட்டுக்கு ஓடும். ஆனால் கழிவுக் கணக்கு மாறியிருக்கிறதே, இரண்டு போனில் இரண்டு கணக்கு ஓடக்கூடாது. எண்ணைக் கையால் குறைக்கவும் வேண்டாம், அந்த இன்ஜினை அந்த போனில் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். 17ல் கமிட் செய்த பழைய பிராஞ்சில் கழிவு மாற்றத்தை மட்டும் சேர்த்து, அதே சைனிங் கீயோடு ஏபிகே எடுத்து அந்த ஒரு போனில் நேரடியாக ஏற்றிவிடுங்கள். வெர்ஷன் கோடு இப்போது ப்ளே ஸ்டோரில் இருப்பதைவிடக் கூடுதலாகவும், புதிதாக ஏற்றியதைவிடக் குறைவாகவும் இருக்கட்டும். பையன் போன் மாற்றும்போது ஸ்டோரிலிருந்து புதிது இறங்கிவிடும்.